பாதி உறைந்ததும் எடுத்து அடிக்கவும்

இரண்டு கப் பட்டர்மில்க், ஒரு கப் சர்க்கரை, ஒரு சின்ன டின் நசுக்கிய அன்னாசி, ஒரு முட்டையின் வெள்ளைக்கரு, ஒன்றரை டீஸ்பூன் வெனிலா. முட்டையைத் தவிர மற்றதைக் கலந்து ட்ரேயில் ஊற்றி உறையவிடவும். பாதி உறைந்ததும் எடுத்து அடிக்கவும். நுரைத்த வெள்ளைக்கருவைச் சேர்த்து மறுபடி உறையவிடவும்.

குறிப்பு அவ்வளவுதான். அமெரிக்கத் தென் மாநிலங்களில் சர்ச் மகளிர் சங்கங்களும் தோட்டக்கலை மன்றங்களும் பள்ளிப் பெற்றோர் சங்கங்களும் நிதி திரட்ட அச்சிட்ட பழைய சமையல் புத்தகங்களில் இனிப்புப் பகுதியைப் புரட்டினால், இது ஏதாவது ஒரு வடிவத்தில் கண்ணில் படும். பெயர் பட்டர்மில்க் ஷெர்பெட். சில புத்தகங்களில் ‘பட்டர்மில்க் ஐஸ்க்ரீம்’ என்றும் இருக்கும். இதில் க்ரீம் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது என்பதால் ஷெர்பெட் என்பதே சரி. அமெரிக்க உணவுச் சட்டம் கடையில் ஷெர்பெட் என்று விற்கும் பண்டத்தில் பால் கொழுப்பு 1 முதல் 2 சதவீதம் வரைதான் இருக்கலாம் என்கிறது. பாலும் பழமும் புளிப்பும் சேர்ந்த, ஐஸ்க்ரீமைவிட இலேசான, தண்ணீர் ஐஸைவிடக் கனமான ஒரு நடுத்தரப் பண்டம் அது. நன்னாரி சர்பத் என்கிறோமே, அந்த சர்பத்தும் இந்த ஷெர்பெட்டும் ஒரே அரபு மூலத்திலிருந்து பிரிந்த சொற்கள்.

இந்தக் குறிப்பை எழுத்துக்கு எழுத்து அப்படியே இன்றைய சமையலறையில் செய்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும். கரண்டி இறங்காத பாறை ஒன்று. மேலே வெள்ளை நுரை, அடியில் நறநறவென்ற ஐஸ் என இரண்டு அடுக்காகப் பிரிந்த ட்ரே மற்றொன்று. செய்தவர் குறிப்பைத் தப்பு என்பார். தப்பு குறிப்பில் இல்லை. எழுதியவர் சொல்லாமல் விட்டவை ஐந்தாறு உண்டு, அவற்றைத் திரும்பப் போட்டுப் படித்தால் இதைப்போல எளிய, சுவையான உறைந்த இனிப்பு வேறு இல்லை.

ஏன் சொல்லாமல் விட்டார்கள் என்றால், சொல்ல வேண்டிய தேவையே இல்லை. இந்தப் புத்தகங்கள் கடையில் விற்பதற்காக எழுதப்பட்டவை அல்ல. ஒரே சர்ச்சில் ஒரே வரிசையில் உட்காருகிற பெண்கள் ஆளுக்கு இரண்டு குறிப்பு எழுதிக் கொடுப்பார்கள். பிளாஸ்டிக் சீப்பு மாதிரியான முதுகு போட்டுக் கட்டுவார்கள். கூரை போடவோ பியானோ வாங்கவோ அந்தப் பணம் போகும். இந்த வழக்கம் அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் தொடங்கியது. 1864-ல் பிலடெல்பியாவில் நடந்த போர் நிவாரணச் சந்தைக்காக மரியா மாஸ் என்பவர் தொகுத்த சமையல் புத்தகத்தைத்தான் இந்த வகையின் முதல் புத்தகமாகச் சொல்வார்கள். 1901-ல் மில்வாக்கியில் லிஸி பிளாக் காண்டர், குடியேறி வந்த பெண்களுக்குச் சமையல் வகுப்பு எடுத்தபோது, பாடங்களை அச்சடிக்க 18 டாலர் கேட்டார். நிர்வாகக் குழு மறுத்துவிட்டது. விளம்பரம் பிடித்து அவரே அச்சிட்டார். அந்தப் புத்தகம் பிறகு பல பத்தாண்டுகள் பதிப்பு மேல் பதிப்பாக லட்சக்கணக்கில் விற்றது.

குறிப்புக்குக் கீழே எழுதியவர் பெயர் இருக்கும், அதுவும் பழைய புத்தகங்களில் கணவர் பெயரோடு ‘மிஸஸ்’ என்று. பக்கத்து வீட்டு மிஸஸ் இன்னார் எழுதியதைப் படிப்பவருக்கு அவர் எந்த டின் வாங்குவார், அவர் வீட்டு ஃப்ரிட்ஜ் எப்படி உறைய வைக்கும் என்பதெல்லாம் தெரியும். ‘பாகு காய்ச்சி’ என்று எழுதினால் கம்பிப் பதமா உருட்டுப் பதமா என்று நம் பாட்டிமார் கேட்க மாட்டார்கள் அல்லவா, அதுபோலத்தான். அளவு எழுத்தில் இருக்கும், பதம் கையில் இருக்கும். எழுபது வருடம் கழித்துப் படிக்கிற நமக்கு அந்தக் கை இல்லை.

ட்ரே என்றால் எந்த ட்ரே

பிலடெல்பியாவின் நான்சி ஜான்சன் 1843-ல் கைச்சுழல் ஐஸ்க்ரீம் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். மர வாளி, உள்ளே உலோகக் குவளை, இடையில் ஐஸும் உப்பும், மேலே கைப்பிடி. உப்பு கலந்த ஐஸ் மைனஸ் 21 டிகிரி வரை இறங்கும், சுழற்றச் சுழற்றச் சுவரில் ஒட்டும் மெல்லிய படலம் சுரண்டப்பட்டு உள்ளே கலக்கும், படிகம் பெரிதாக வளர நேரமே இருக்காது. 1930-களிலிருந்து வீடுகளுக்கு மின்சார ஃப்ரிட்ஜ் வரத் தொடங்கியதும் வாளியும் உப்பும் இல்லாமல் செய்ய ஒரு வழி தேடினார்கள். ஐஸ் கட்டி உறைய வைக்கும் உலோக ட்ரேயில் நடுத் தடுப்பைக் கழற்றிவிட்டுக் கலவையை ஊற்றினார்கள். ‘ட்ரேயில் ஊற்றி’ என்று புத்தகம் சொல்வது அந்த ட்ரேயைத்தான்.

அந்த ஃப்ரிட்ஜ்களில் ஃப்ரீசர் தனிக் கதவோடு இருக்காது. ஃப்ரிட்ஜுக்குள்ளேயே ஒரு சின்னப் பெட்டி. அது மைனஸ் 18 டிகிரியை எட்டாது, மைனஸ் 10-ஐ ஒட்டித்தான் நிற்கும். அதனால்தான் பல குறிப்புகள் ‘குளிர்த் திருகை உச்சத்துக்குத் திருப்பவும்’ என்று ஆரம்பிக்கும். இன்றைய ஃப்ரீசர் மைனஸ் 18-ல் ஓடுகிறது. இதன் விளைவுகள் இரண்டு. முதலாவது, பாதி உறைகிற நேரம் சுருங்கிவிட்டது, அந்த நேரத்தைத் தவறவிடுவது சுலபம். இரண்டாவது, கடைசியில் கிடைப்பது அந்தக் காலத்து ஷெர்பெட்டைவிடக் கெட்டியாக இருக்கும். அவர்கள் ட்ரேயிலிருந்து நேராகக் கிண்ணத்தில் போட்டுப் பரிமாறினார்கள். நாம் பதினைந்து நிமிடம் கீழ்த் தட்டில் வைத்து இளக்கித்தான் எடுக்க வேண்டும்.

ட்ரேக்கு எவர்சில்வர் போல நல்லது இல்லை. பட்டர்மில்க்கும் அன்னாசியும் இரண்டுமே புளிப்பு. பூச்சு இல்லாத அலுமினியத்தில் மணிக்கணக்கில் இருந்தால் உலோக வாடை ஏறும், ஓரம் சாம்பல் நிறமாகும். பிளாஸ்டிக் டப்பா குளிரை மெதுவாகக் கடத்தும், மெதுவாக உறைந்தால் படிகம் பெரிதாகும். 20 சென்டிமீட்டர் சதுர எவர்சில்வர் ட்ரே, அல்லது அதே பரப்புள்ள தட்டையான பாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லும் அளவுக்குக் கலவை இரண்டரை சென்டிமீட்டர் உயரத்துக்கு நிற்கும். அதற்கு மேல் ஆழம் வேண்டாம்.

பட்டர்மில்க் நம் மோர் அல்ல

சொல்லை மொழிபெயர்த்தால் மோர்தான். பண்டமாகப் பார்த்தால் இல்லை. பண்ணை வீடுகளில் வெண்ணெய் எடுத்தபின் மிஞ்சியது ஒரு காலத்தில் பட்டர்மில்க். இந்தப் புத்தகங்களின் காலத்தில், அதாவது 1940, 50-களில், கடையில் கிடைத்தது கொழுப்பு குறைத்த பாலில் உறை சேர்த்துப் புளிக்க வைத்த கெட்டியான பட்டர்மில்க். தயிரைப்போல இளஞ்சூட்டில் அல்லாமல், 20 – 22 டிகிரியில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் நிதானமாகப் புளிக்க விடுவார்கள். அந்த வெப்பத்தில் வளரும் நுண்ணுயிர்கள் வெண்ணெய் மணத்தைத் தரும். ஊற்றினால் இட்லி மாவைவிடக் கொஞ்சம் தளர்வாக விழும். தண்ணீர் சேர்க்காதது. நம் மோரிலோ பாதிக்கு மேல் சேர்த்த தண்ணீர். அதை ஊற்றினால் கிடைப்பது மோர் ஐஸ், ஷெர்பெட் அல்ல.

அமெரிக்காவிலோ கனடாவிலோ இருக்கிறவர்கள் கடைப் பட்டர்மில்க்கே வாங்கலாம், ஆனால் அட்டையைத் திருப்பிப் பாருங்கள், பலவற்றில் உப்பு சேர்த்திருப்பார்கள். உப்பு இருந்தால் குறிப்பில் வேறு உப்பு சேர்க்காதீர்கள். இந்தியாவிலோ இலங்கையிலோ செய்கிறவர்கள் கெட்டித் தயிர் ஒன்றரைக் கப், காய்ச்சி ஆறிய பால் அரைக் கப், இரண்டையும் கட்டி இல்லாமல் கலக்கினால் சரியாக வரும். தயிர் அன்றைக்கு உறைந்ததாக இருக்கட்டும். மூன்றாம் நாள் தயிரின் புளிப்பு உறைந்த பிறகும் நாக்கில் குத்தும். பாலில் எலுமிச்சை பிழிந்து ‘பட்டர்மில்க்’ செய்வார்களே, அது கேக்குக்குப் போதும், இங்கே வேண்டாம். அதில் திரி திரியான பாலும் நீர்த்த தெளிவும்தான் இருக்கும், வாயில் வழவழவென நிற்கும் கெட்டித்தன்மை வராது. பாக்கெட் மசாலா மோரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

டின் அன்னாசியைத்தான் சொன்னார்கள், காரணத்தோடு

பச்சை அன்னாசி கையில் இருக்கும்போது டின் எதற்கு என்று தோன்றும். தோன்ற வேண்டியதுதான். ஆனால் பச்சை அன்னாசியில் ப்ரோமெலைன் என்ற நொதி இருக்கிறது. இறைச்சியை மென்மையாக்க அன்னாசி போடுவது இதனால்தான், அது புரதத்தை அறுக்கும். பால் புரதத்தையும் விடாது. பச்சை அன்னாசியைத் தயிரில் போட்டு அரை மணி நேரம் வைத்துச் சுவைத்தால் கசப்பு தெரியும். அறுபட்ட புரதத் துண்டுகளின் கசப்பு அது. ட்ரேயில் உறைந்து முடிக்க ஐந்தாறு மணி நேரம் ஆகும், அதற்குள் கசப்பு ஊறிவிடும். உறைவது நொதியை அழிப்பதில்லை, மெதுவாக்கும், அவ்வளவே. டின்னில் அடைக்கும்போது பழத்தைச் சூடாக்குகிறார்கள், நொதி அந்தச் சூட்டில் செயலிழக்கிறது. டின் அன்னாசி ஜாடியில் எத்தனை நாள் தயிரோடு இருந்தாலும் கசக்காது.

புதுப் பழம்தான் வேண்டும் என்றால் வழி இருக்கிறது. தோலும் கண்ணும் நடுத்தண்டும் நீக்கிய பழம் 200 கிராம், பொடியாக நறுக்கி அல்லது மிக்ஸியில் இரண்டு சுற்று விட்டு, மூன்று மேசைக்கரண்டி சர்க்கரையோடு அடுப்பில் ஏற்றி, நன்றாகக் கொதி வந்தபின் ஐந்து நிமிடம் விடுங்கள். ஓரத்தில் மட்டும் கொதித்தால் போதாது, முழுவதும் குமிழியிட வேண்டும். முழுக்க ஆறி, ஃப்ரிட்ஜில் குளிர்ந்த பிறகே தயிரில் சேருங்கள். சூடாகச் சேர்த்தால் தயிர் திரிந்து தண்ணீர் பிரியும்.

டின் அளவு அடுத்த சிக்கல். பழைய புத்தகங்கள் அவுன்ஸ் சொல்லாமல் டின்னின் எண்ணைச் சொல்லும். ‘நம்பர் 2 டின்’ என்றால் 20 அவுன்ஸ், இரண்டரைக் கப். ‘303’ என்றால் 16 அவுன்ஸ், இரண்டு கப். ‘தட்டை டின்’ அல்லது ‘சின்ன டின்’ என்றால் 9 அவுன்ஸ், ஏறத்தாழ ஒரு கப். நம் குறிப்பில் இருப்பது இந்தக் கடைசி வகை. இன்று அதற்கு இணையாகக் கிடைப்பது 8 அவுன்ஸ், 227 கிராம். ஒரு அவுன்ஸ் குறைந்தது பெரிய விஷயமில்லை. பெரிய விஷயம் வேறு: அன்றைய டின்னில் பழம் கெட்டிச் சர்க்கரைப் பாகில் மிதந்தது, இன்றைய டின்னில் பெரும்பாலும் அதன் சொந்தச் சாற்றில் இருக்கிறது. டின்னுக்குப் பத்துப் பன்னிரண்டு கிராம் சர்க்கரை குறைவு. சாற்றில் உள்ள டின் வாங்கினால் ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை கூட்டிக்கொள்ளுங்கள். வடிக்கச் சொல்லாத குறிப்பில் வடிக்காதீர்கள், அந்தச் சாறும் கணக்கில் சேர்ந்தது.

‘நசுக்கிய’ என்றாலும் சில டின்களில் துண்டு விரல் நுனி அளவுக்கு இருக்கும். அந்த அளவுத் துண்டு மைனஸ் 18-ல் கூழாங்கல் ஆகிவிடும், கடித்தால் பல் கூசும். மிக்ஸியில் ஒரே ஒரு சொடுக்கு. கூழாக அரைத்துவிட வேண்டாம், நார் நாராகத் தெரிகிற பதம் போதும்.

சர்க்கரையைக் குறைக்காதீர்கள்

ஒரு கப் சர்க்கரை, 200 கிராம், அதிகம் என்று கை தானாகக் குறைக்கும். இந்தக் குறிப்பு கெட்டுப்போவதற்கு முதல் காரணமே அதுதான் என்பேன். இங்கே சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை. கலவையின் மொத்த எடை சுமார் 950 கிராம். அதில் பழத்தின் சர்க்கரையும் சேர்த்தால் 240 கிராம் அளவுக்கு, அதாவது நான்கில் ஒரு பங்கு சர்க்கரை. இந்தச் செறிவில் கலவை பூஜ்ஜியத்தில் உறையாது, மைனஸ் இரண்டரை, மூன்று டிகிரிக்குப் போன பிறகே படிகம் கட்ட ஆரம்பிக்கும். பிறகும் ஒரேயடியாக உறையாது. தண்ணீர் மட்டும் படிகமாகப் பிரியப் பிரிய, மிச்சமிருக்கும் பாகு இன்னும் செறிவாகும், அதன் உறைநிலை இன்னும் கீழே போகும். அதனால் ஃப்ரீசர் எவ்வளவு குளிர்ந்தாலும் படிகங்களுக்கு நடுவே கொஞ்சம் பாகு உறையாமல் நிற்கும். கரண்டி இறங்குவது அந்தப் பாகினால்தான். சர்க்கரையை 120 கிராமாகக் குறைத்தால் பாகு போதாமல் ட்ரே முழுக்க ஒரே கட்டியாகும். இனிப்பு தூக்கலாகத் தெரிந்தால் சர்க்கரையைக் குறைக்காமல் எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி சேருங்கள்.

குளிரில் நாக்கு இனிப்பைக் குறைவாகவே உணரும். உறைவதற்கு முன் சுவைக்கும்போது ‘ஐயோ, தூக்கலாக இருக்கிறதே’ என்று தோன்றினால் அளவு சரி என்று பொருள்.

இன்னொன்று, குளிர்ந்த பட்டர்மில்க்கில் சர்க்கரை சுலபமாகக் கரையாது. ஐந்து நிமிடம் கலக்கி, அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, மறுபடி கலக்குங்கள். இரண்டு விரலுக்கு நடுவே ஒரு துளி எடுத்துத் தேய்த்துப் பாருங்கள், நறநறவென இருக்கக் கூடாது. கரையாத சர்க்கரை அடியில் தங்கி அங்கே மட்டும் உறையாத பாகாக நிற்கும், மேல்பாகம் சர்க்கரை இல்லாமல் ஐஸாகும். கரைவதற்காகப் பட்டர்மில்க்கை அடுப்பில் வைக்கும் ஆசை வரும், வைக்கக் கூடாது.

வெள்ளைக்கரு

அந்தக் காலத்தில் பச்சை வெள்ளைக்கருவை நுரைத்து அப்படியே சேர்த்தார்கள். இன்று அப்படிச் செய்யச் சொல்ல மாட்டேன். முட்டையின் உள்ளேயே சால்மொனெல்லா இருக்கக்கூடும், ஃப்ரீசர் அதைக் கொல்லாது. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வயதானவர்களும் சாப்பிடுகிற பண்டம் இது. வெள்ளைக்கரு செய்கிற வேலையோ முக்கியமானது: காற்றைப் பிடித்துவைக்கும், படிகங்களுக்கு இடையில் புகுந்து அவை ஒன்றோடொன்று சேர்ந்து வளர்வதைத் தடுக்கும். அதை விடாமல் பாதுகாப்பாகச் செய்ய, 200 கிராம் சர்க்கரையில் 50 கிராமை முதலிலேயே தனியாக எடுத்துவையுங்கள். அகலமான எவர்சில்வர் கிண்ணத்தில் ஒரு வெள்ளைக்கரு, அந்த 50 கிராம் சர்க்கரை, ஒரு டீஸ்பூன் தண்ணீர். கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல், தண்ணீர் கிண்ணத்தைத் தொடாதபடி வைத்து, நிறுத்தாமல் கலக்கிக்கொண்டே இருங்கள். வெப்பமானி 71 டிகிரி காட்டியதும் இறக்கிவிடுங்கள், மூன்று நான்கு நிமிடத்தில் வந்துவிடும். சர்க்கரை கூட இருப்பதால் வெள்ளைக்கரு அந்தச் சூட்டிலும் கட்டிப்படாது. சர்க்கரை இல்லாமல் செய்தால் 65 டிகிரிக்குள்ளேயே அவித்த முட்டையாகிவிடும். இறக்கியதும் எலெக்ட்ரிக் பீட்டரால் ஐந்து நிமிடம் அடித்தால் பளபளவென வெண்ணெய் போல் எழும்பி நிற்கும். முழுக்க ஆறட்டும்.

வெப்பமானி இல்லாமல் இதைக் கண்ணளவில் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். முட்டை சாப்பிடாதவர்கள் சர்க்கரையில் 50 கிராமைக் குறைத்து 60 கிராம் கார்ன் சிரப் அல்லது திரவ குளுக்கோஸ் சேர்த்து, ஒருமுறைக்குப் பதில் இரண்டு முறை எடுத்து அடித்தால் போதும். அதன் பிசுபிசுப்பு படிகத்தை வளரவிடாது. பழைய புத்தகங்கள் சிலவற்றில் முட்டைக்குப் பதில் மார்ஷ்மெல்லோவை உருக்கிச் சேர்க்கும் குறிப்பும் இருக்கும். அது முட்டை இல்லாததுதான், சைவம் இல்லை. மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் இருக்கிறது.

அந்த ஒரு வரி

இனி ‘பாதி உறைந்ததும் எடுத்து அடிக்கவும்’. குறிப்பின் உயிர் இந்த வரியில்தான் இருக்கிறது. எந்தப் பதம் பாதி? எழுதியவருக்குத் தெரியும், எழுதவில்லை.

480 மில்லி பட்டர்மில்க், 150 கிராம் சர்க்கரை, டின் அன்னாசி சாற்றோடு, வெனிலா, உப்பில்லாத பட்டர்மில்க் என்றால் ஒரு சிட்டிகை உப்பு. சாற்று டின் என்றால் முன்னே சொன்ன ஒரு மேசைக்கரண்டி சர்க்கரையும். எல்லாம் கலந்து ஃப்ரிட்ஜில் நன்றாகக் குளிரவிட்ட பிறகு ட்ரேயில் ஊற்றி, ஃப்ரீசரின் அடித்தளத்தில், எதன் மேலும் ஏற்றி வைக்காமல், சமமாக வையுங்கள். பெரிய கிண்ணம் ஒன்றையும் பீட்டரின் கம்பிகளையும் கூடவே ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். இதை மறந்தால் பிறகு வருந்துவீர்கள்.

ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஓரத்தில் வெள்ளைக் கோடு மாதிரி மெல்லிய படலம் இருக்கும், நடுவில் இன்னும் பால்தான். மூடிவிடுங்கள். ஒன்றரை மணி முதல் இரண்டரை மணிக்குள், ஃப்ரீசரைப் பொறுத்து, நீங்கள் தேடுகிற பதம் வரும். ட்ரேயைச் சாய்த்துப் பாருங்கள். ஓரத்திலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் வரை கெட்டியாகப் பிடித்திருக்கும், அசையாது. நடுப்பகுதி நெய் உறைய ஆரம்பித்தது போல, ஓடாமல் மெல்லச் சரியும். கரண்டியால் ஓரத்தைச் சுரண்டினால் செதிளாகப் பெயரும், நடுவில் விட்டால் ஈரமணலில் போல வழி விட்டு இறங்கும். ஐஸ் வண்டிக்காரர் சீவிக் கொடுக்கும் ஐஸ் பாகில் ஊறிப் பாதி இளகினால் எப்படி இருக்குமோ, மொத்தத்தில் அந்த நிலை.

அதற்கு முன்னால் எடுத்தால் அடிப்பதற்கு அங்கே படிகமே இருக்காது. வெறும் பாலை அடிப்பீர்கள். நுரையைச் சேர்த்தால் அது மேலே மிதக்கும், அன்னாசி அடியில் தங்கும், முன்னே சொன்ன இரண்டு அடுக்கு அங்கேதான் உருவாகிறது. தாமதமாக எடுத்தால் பீட்டர் ஏறாது. கத்தியால் வெட்டி உடைத்து, அது இளகும்வரை காத்திருந்து அடிப்பீர்கள், அதற்குள் சின்னப் படிகங்கள் எல்லாம் கரைந்து பெரியவை மட்டும் மிஞ்சும். மறுபடி உறையும்போது தண்ணீர் அந்தப் பெரியவற்றின் மேலேயே போய் ஒட்டும். ஐஸ் படிகம் 50 மைக்ரானைத் தாண்டினால் நாக்குக்கு நறநறப்பாகத் தெரிய ஆரம்பிக்கும். மனிதத் தலைமுடியின் தடிமனை ஒத்த அளவு அது. சரியான பதத்தில் அடிப்பது ஒரு பெரிய படிகத்தைப் பல சின்னதாக உடைப்பதற்காக. ஒவ்வொரு சின்னத் துண்டும் அடுத்த சுற்றில் ஒரு விதையாகும். விதை நிறைய இருந்தால் தண்ணீர் பங்கு பிரிந்து போகும், எதுவும் பெரிதாக வளராது.

பதம் வந்ததும் வேகம் வேண்டும். குளிர்ந்த கிண்ணத்துக்கு மாற்றி, ஓரத்துக் கெட்டியைக் கரண்டியால் நாலைந்தாக உடைத்து, நடுத்தர வேகத்தில் 45 விநாடி, மிஞ்சினால் ஒரு நிமிடம். வழவழப்பாகி நிறம் ஒரு படி வெளுக்கும். அதோடு நிறுத்துங்கள். அங்கங்கே ஒன்றிரண்டு சின்னக் கட்டி இருந்தால் இருக்கட்டும். எல்லாம் கரையும்வரை அடித்தால் ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிடுவீர்கள். பீட்டர் இல்லையென்றால் மிக்ஸியும் சரிதான், ஜாரையும் குளிர வைத்து, பத்துப் பத்து விநாடியாக விட்டு விட்டு ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் பிளேடின் சூட்டில் உருகும். மிக்ஸி என்றால் அன்னாசியை முதலில் கலவையில் போடாமல் குளிர வைத்து, அடித்த பிறகு சேருங்கள். இல்லாவிட்டால் கூழாகிவிடும்.

ஆறிய வெள்ளைக்கரு நுரையில் கால் பங்கை முதலில் போட்டு நன்றாகவே கலக்குங்கள், கலவை கொஞ்சம் இலேசாகும். மிச்சத்தை ரப்பர் கரண்டியால் அடியிலிருந்து மேலாகப் புரட்டிப் புரட்டிச் சேருங்கள். வெள்ளைத் திட்டு தெரியாமல் போனதும் ட்ரேக்கு மாற்றி, மேற்பரப்பை ஒட்டினாற்போல் ஒரு பிளாஸ்டிக் தாள் அல்லது மெழுகுத் தாளை அழுத்தி மூடி, நான்கு முதல் ஆறு மணி நேரம். இப்போது இதைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

முட்டை சேர்க்காதவர்கள் முதல் முறை அடித்து ட்ரேயில் வைத்து, ஒன்றரை மணி நேரம் கழித்து அதே பதம் பார்த்து இன்னொரு முறை அடிக்க வேண்டும். ஐஸ்க்ரீம் மெஷின் இருப்பவர்களுக்கு வேலை மிச்சம்: கலவையை இரவு முழுவதும் குளிர வைத்து, வெள்ளைக்கரு இல்லாமலே 20 – 25 நிமிடம் ஓட்டி, கடைசி ஐந்து நிமிடத்தில் அன்னாசியைச் சேர்த்தால் போதும். மெஷினில் செய்தது இன்னும் நயமாக இருக்கும், சந்தேகமில்லை. ஆனாலும் ட்ரேயில் செய்ததில் கொஞ்சம் கரகரப்பும் நுரைப்பும் சேர்ந்த ஒரு தனிச் சுவை உண்டு, மதிய வெயிலுக்கு எனக்கு அதுதான் பிடிக்கும்.

இதே புத்தகங்களில் அடுத்த பக்கத்தில் எலுமிச்சைப் பால் ஷெர்பெட் இருக்கும்: நாலு கப் பால், ஒன்றரைக் கப் சர்க்கரை, மூன்று எலுமிச்சையின் சாறு. இங்கே எலுமிச்சை என்பது அமெரிக்காவின் பெரிய மஞ்சள் பழம், நம் ஊர்ச் சின்ன எலுமிச்சை என்றால் பழத்தை எண்ணாமல் சாற்றை அளந்து 120 மில்லி எடுத்துக்கொள்ளுங்கள். சாற்றை வேகமாக ஊற்றினால் பால் திரிந்த மாதிரி தெரியும். பயந்து கொட்டிவிடாதீர்கள். அமெரிக்கச் சமையல் நூலாசிரியர் ஃபேனி ஃபார்மர் 1896-லேயே சொல்லியிருக்கிறார், பார்க்க நன்றாக இருக்காது, ருசிக்கு ஒன்றும் ஆகாது என்று. உறையும்போது அந்தத் திரிபு காணாமல் போகும். முதல் பதம், அடித்தல், இரண்டாம் உறைதல் எல்லாம் இங்கேயும் அதேதான்.

முன்னே சொன்ன அளவுக்கு எட்டுப் பேருக்குத் தாராளமாக வரும். பரிமாறுவதற்குப் பதினைந்து நிமிடம் முன்பு ட்ரேயை ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டுக்கு மாற்றுங்கள். வெளியே மேஜையில் வைத்தால் ஓரம் உருகி நடு கல்லாகவே இருக்கும், ஃப்ரிட்ஜில் ஒரே சீராக இளகும். கரண்டியை வெந்நீரில் நனைத்து, துடைத்துவிட்டு எடுங்கள். ஒரு தடவை இளகியதை மறுபடி உறைய வைத்தால் பெரிய படிகம்தான் கட்டும், அதனால் தேவையான அளவை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தை உடனே உள்ளே வையுங்கள். ஐஸ் படியாத ரக ஃப்ரிட்ஜ்கள் அவ்வப்போது தாமாகவே கொஞ்சம் சூடேறிக் குளிரும், ஃப்ரீசரின் கதவுப் பக்கத்தில் அந்த ஏற்ற இறக்கம் அதிகம். ட்ரேயை உட்புறச் சுவரை ஒட்டி வையுங்கள். முதல் நான்கு நாள் இதன் பக்குவம் உச்சத்தில் இருக்கும். பத்து நாளுக்கு மேல் மேலே பனி மாதிரி ஐஸ் துகள் படிய ஆரம்பித்துவிடும். அப்படிப் படிந்துவிட்டால் துண்டுகளாக்கி, ஒரு தம்ளருக்கு மூன்று துண்டு, கொஞ்சம் குளிர்ந்த பால் ஊற்றி மிக்ஸியில் ஒரு சுற்று விட்டால் குடிக்க அருமையாக இருக்கும்.